முக்கால் அக்காவின் இருபதாவது மழை

சாந்துச் சட்டியின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய சிமெண்டை ஒரு பழைய ஆணியால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் அக்கா. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. சுரண்டி முடித்ததும் சட்டியைத் துடைத்து, உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, சுவரோரம் கவிழ்த்து வைப்பார். தலையில் வைக்கும் துணிச் சும்மாட்டைப் பிரித்து அலசிக் கொடியில் போடுவார். சேலைக்கு மேல் வேலைக்கென்று போட்டுக்கொள்ளும் ஆண்சட்டையின் பொத்தான்களைச் சரிபார்த்து மடித்து வைப்பார். பிறகு நல்ல சேலையாக ஒன்றை உடுத்திக்கொண்டு, குடையை விரித்து, ஏதாவது ஒரு கடை வாசலில் போய் நிற்பார். முதல் பெருமழை விழுந்த மறுநாள், வருஷம் தவறாமல் இது நடக்கும்.

"அண்ணே, மழை முடியுற வரைக்கும் உங்க கடையில நிக்கட்டுமா? சம்பளம் வேண்டாம். கூட்டிப் பெருக்கித் தரேன். நீங்க வேலை செய்யறதைப் பாத்துக்கிட்டு இருக்கேன், அது போதும்."

கடைக்காரர்கள் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். திருட வந்தவளோ, போட்டிக் கடை போட வந்தவளோ என்று தோன்றும். அக்காவின் கையைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விடும். உள்ளங்கை முழுக்க சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற வெடிப்புகள். விரல்கள் சட்டியைப் பிடித்துப் பிடித்து அரைவட்டமாக நின்றுவிட்டவை. இந்தக் கை நம் தொழிலில் என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்து, "சரி, நின்னுக்கோம்மா" என்பார்கள்.

அக்கா கட்டட வேலையில் சித்தாள். கொத்தனார் சுவர் எழுப்ப, அவருக்குச் சாந்தும் செங்கல்லும் தலையில் சுமந்து கொடுப்பவர். வயது நாற்பத்தாறு. மழை பிடித்துக்கொண்டால் இரண்டரை மாதம் கட்டடம் நின்றுவிடும். அவருடைய கணவர் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர், அவருக்கும் அதே கதி. மழைக்காலத்தை எப்படிக் கழிப்பது என்று அவரிடம் கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. போர்வை எதற்கு இருக்கிறது? காலையில் ஒரு தூக்கம், சாப்பிட்டதும் ஒரு தூக்கம், இடி இடித்தால் புரண்டு படுத்து இன்னொரு தூக்கம். "மழைங்கறது கடவுளாப் பாத்துக் குடுக்கிற லீவு. இவ அதுல போய் டியூஷன் படிக்கிறா" என்பார். வாய்தான் அப்படி. அக்காவின் குடைக்கம்பி வளைந்திருந்தால் அதை நிமிர்த்தி, கதவோரம் சாய்த்து வைப்பதும் அவர்தான்.

முதல் மழை கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் போயிற்று. அடுத்த மழை தையற்கடை. பிறகு கண்ணாடி அறுக்கும் கடை, போட்டோ ஸ்டுடியோ, ரொட்டி சுடும் இடம், பூட்டுச் சாவி போடுகிறவர், போர்டு எழுதுகிறவர், காயத்துக்குக் கட்டுப் போடும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரு மழை முழுவதும் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பக்கத்தில் நின்று, காகிதக் கட்டுகளை எப்படி அடுக்கினால் வேண்டும்போது கைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பத்தொன்பது மழை.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. அதையும் கடை சாத்துகிற நேரத்தில்தான் கேட்பார். காலையிலிருந்து மனத்துக்குள் முளைக்கும் கேள்விகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, தானே விடை கண்டுபிடித்துவிடக்கூடியதையெல்லாம் கழித்து, மிஞ்சியதை மட்டும் வெளியே எடுப்பார். கடிகாரக்காரர் ஒருமுறை சொன்னார்: "என்கிட்ட மூணு வருஷம் இருந்த ஆளு கேக்காததை இந்தம்மா மூணாம் நாள் கேட்டுச்சு. அன்னிக்கு எனக்கே பதில் தெரியலை. வீட்டுல போய் யோசிச்சுட்டு வந்து சொன்னேன்."

ஆனால் இரண்டரை மாதத்தில் எந்தத் தொழிலும் முழுசாக வந்துவிடாது. கடிகாரத்தைத் திறப்பார், துடைப்பார், மூடுவார், ஓடவும் வைப்பார். உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளைத் தொட வராது. கழுத்துப் பட்டை தவிர சட்டை முழுவதும் தைப்பார். கண்ணாடியை நேராக அறுப்பார், வட்டமாக வராது. "எதை எடுத்தாலும் முக்கால்வாசி" என்று கணவர் சொல்லப்போக, அதுவே பெயராகி, கட்டடம் முழுக்க அவர் முக்கால் அக்கா ஆனார். மீதிக் கால்வாசியையும் கற்றுக்கொள்ள அடுத்த மழைக்கு அதே கடைக்குப் போகக் கூடாதா என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அந்தக் கால்வாசி அவங்க பொழப்புங்க. அதையும் நான் எடுத்துக்கிட்டா அவங்க எங்க போவாங்க?"

இந்த முக்கால்களை அற்பமாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் கட்டடத்தில் தகரத் தகடு நழுவி ஒருவரின் முழங்கையை எலும்பு தெரியக் கிழித்துவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அக்கா தலைச் சும்மாட்டை வீசிவிட்டு, தன் சாப்பாட்டுப் பை சுற்றியிருந்த சுத்தத் துணியைக் கிழித்து, மேலே ஒரு இறுக்கு, கீழே ஒரு மடிப்பு என்று கட்டி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டர், எந்த நர்ஸ் போட்டது என்று கேட்டாராம். தலையில் கல் சுமக்கிற ஒரு பெண்ணுக்குள் இத்தனை கடைகள் திறந்திருக்கின்றன என்று நினைக்கும்போது நமக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. நாம் கழித்த மழைக்காலங்களை எண்ணிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

இருபதாவது மழைக்கு அக்கா எந்தக் கடைக்கும் போகவில்லை. காரணம் அவருடைய கொத்தனார்.

கட்டடத்தில் அவரை ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது சும்மா பேச்சுக்கு. கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. பிறவியிலேயே காது இல்லை, அதனால் பேச்சும் இல்லை. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பார்த்தாரென்றால், மட்டம் பார்க்கும் அந்த ரசமட்டக் கருவியை அப்புறம் வைத்துப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம். குமிழி நடுவில்தான் நிற்கும். உயரமான வெளிச்சுவர் என்றால் அது அவருடையது. நாலாவது மாடியில் சாரத்தின் மேல் நின்று, காற்றில் சட்டை படபடக்க, ஒரு வரி செங்கல்லை வைத்துவிட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்து பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அவருக்கு ஏதாவது குறை இருப்பதாகச் சொல்லமாட்டார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அக்கா அவருக்குத்தான் சாந்து தூக்குகிறார். கொத்தனார் கரண்டியால் சாரக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் சாந்து வேண்டும். இரண்டு தட்டினால் செங்கல். மூன்று என்றால் தண்ணீர். அவரிடமிருந்து அக்காவுக்கு இந்த மூன்று சொற்கள் வரும். அக்காவிடமிருந்து அவருக்குப் போவதற்கு ஒன்றும் கிடையாது. திடீரென்று விடுமுறை விட்டால்கூட அதைச் சொல்ல யாருக்கும் வழி தெரியாது. கொத்தனார் வழக்கம்போல வந்து, பூட்டிய கேட்டின் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார். வருஷத்துக்கு ஏழெட்டு முறை இப்படி. காவலாளி சொல்லித்தான் அக்காவுக்கு இது தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து மனதில் முள்ளாக இருந்தது.

மழைக்கு ஒரு மாதம் முன்பு அது நடந்தது. மேல்தட்டில் கட்டு தளர்ந்த ஒரு பலகை சரிவதை அக்கா கீழிருந்து பார்த்தார். "நகருங்க, நகருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், ஒருவரைத் தவிர. அவர் சுவரைப் பார்த்தபடி பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பலகை தோளில் விழுந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியதால் உயிர் தப்பியது, தோள்பட்டை எலும்போடு போயிற்று. வேலை நடத்தும் மேஸ்திரி அன்று மாலைவரை சாரத்துக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே அவன் மேலே ஏற வேண்டாம்" என்றார் மேஸ்திரி. "எலும்பு கூடினதும் வரட்டும். கீழே செங்கல் அடுக்கட்டும், சாந்து குழைக்கட்டும்."

"அவர் சுவரு கட்டுற ஆளு மேஸ்திரி. அவரைப் போய் சாந்து குழைக்கச் சொன்னா?"

"கத்தினாத் திரும்பாத ஆளை மேலே ஏத்திட்டு நான் தினம் செத்துப் பிழைக்கணுமா? கூப்பிட்டாத் திரும்பணும். சொன்னாப் புரியணும். இந்த ரெண்டும் நடந்தா ஏத்துறேன்."

"நடக்கும். மழை முடியட்டும். நான் பேசக் கத்துக்கிட்டு வரேன்."

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதையும் முக்கால்வாசியா?"

அக்கா அடுத்த சட்டிச் சாந்தை அள்ளப் போனார். முதல் பெருமழைக்கு மறுநாள், காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றார்.

அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர் இளகிய மனசுக்காரர். "யாருக்காகம்மா கத்துக்கணும்? வீட்டுல பிள்ளை இருக்கா?"

"பிள்ளை இல்லை டீச்சர். கூட வேலை செய்யறவர், கொத்தனார். பன்னெண்டு வருஷமா அவருக்குச் சாந்து தூக்குறேன். ஒரு வார்த்தை பேசினதில்லை."

"அவருக்கு சைகை மொழி தெரியும்தானே?"

"பொறந்ததுலேருந்தே காது கேக்காதவர் டீச்சர். தெரியாம இருக்குமா?"

டீச்சர் தலையாட்டினார். தெரியும் என்ற பதிலாக அதை எடுத்துக்கொண்டார். அக்காவும் மனமறிந்து பொய் சொல்லவில்லை. காது கேட்கிற பிள்ளைக்குப் பேச்சு தானாக வந்துவிடுகிறது, கேட்காத பிள்ளைக்குக் கை தானாகப் பேசும் என்று நம்பினார். அந்தக் கேள்வியை மனத்துக்குள் மோதவிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

பதினோரு பிள்ளைகள், அரைவட்டமாகப் போட்ட பெஞ்சுகள், கோடியில் ஒரு நாற்காலியில் அக்கா. மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மற்ற பள்ளிக்கூடங்களில் பாடம் நின்றிருக்கும். இங்கே நிற்கவில்லை. டீச்சரின் கைகள் போய்க்கொண்டே இருந்தன, பிள்ளைகளின் கைகள் எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தன. ஒருவன் கை ஒரு கிண்டலைச் சொல்ல, பத்துப் பேர் குலுங்கினார்கள். அக்கா பத்தொன்பது தொழில்களைப் பார்த்தவர். அன்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தின் உள்ளே முதல்முதலாகப் பார்த்த நாளில்கூட அவருக்கு இப்படி மயிர்க்கூச்செடுக்கவில்லை.

அன்றைய கேள்வி இதுதான்: "அவங்க குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தாங்க. நீங்க காலால தரையைத் தட்டினதும் எல்லாரும் நிமிர்ந்தாங்களே, எப்படி?"

"அதிர்வும்மா. பெஞ்சு வழியா உடம்புல ஏறும். அவங்களுக்கு அது போதும்."

அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் கைக்கு வருவதற்குள் உயிர் போயிற்று. மனம் பிடித்ததை விரல்கள் ஏற்கவில்லை. எல்லாவற்றிலும் மோசம் புதன்கிழமை. அந்தப் பள்ளிக்கூடத்துச் சைகையில், ஐந்து விரலையும் விரித்து, சுண்டுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். சுண்டுவிரலை மடக்கினால் மோதிர விரலும் கூடவே வந்துவிடும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் புதன்கிழமையைத் தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லிவிட்டு, இவர் கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

வீட்டில் மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்த கணவர், மனைவியின் கைகள் காற்றில் ஆடுவதைப் பார்த்தார். "என்ன, கொசுவா?"

"புதன்கிழமைங்க. மடங்க மாட்டேங்குது."

அவர் எழுந்து உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். "இந்த விரலை நான் பிடிச்சுக்கிறேன். நீ அதை மட்டும் மடக்கு." மனைவியின் மோதிர விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே மழை. இருபது வருஷத்தில் அவர் தூக்கத்தை விட்டுக்கொடுத்த மழைக்காலம் அது ஒன்றுதான். மூன்று வாரத்தில் சுண்டுவிரல் தனியாக மடங்கியது. அதற்குள் அவருக்கும் ஒரு சைகை வந்துவிட்டது. தூங்கப் போகிறேன் என்று சொல்ல மட்டும் தெரிந்துகொண்டார்.

மழை விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, ஈரம் காயாத மண்ணில் எல்லோரும் கூடினார்கள். கொத்தனார் வந்திருந்தார். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, கண் அப்படியே இருந்தது. மேஸ்திரி அவரைச் சாரத்தின் முதல் தட்டுக்கு ஏற்றி, சுவரைப் பார்த்து நிற்கவைத்தார்.

"கூப்பிடு" என்றார் அக்காவிடம்.

அக்கா ஒரு கம்பியை எடுத்து, சாரக் குழாயின் அடியில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் அவர்களிடம் ஏற்கனவே அர்த்தம் உண்டு. அதனால் நான்கு தட்டினார். அதிர்வு குழாய் வழியே ஏறிப் பலகைக்குப் போனது. கொத்தனார் காலைப் பார்த்தார், பிறகு திரும்பிக் கீழே பார்த்தார்.

மேஸ்திரி கம்பியை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். இரண்டாம் தட்டுக்கு ஏற்றித் தட்டினார். நாலாம் தட்டுக்கு ஏற்றித் தட்டினார். ஒவ்வொரு முறையும் கொத்தனார் திரும்பினார். "அட" என்றார் மேஸ்திரி. இவ்வளவு சுலபமான ஒன்று பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே என்ற வெட்கம் அந்த 'அட'வில் இருந்தது.

"சரி, ஒண்ணு ஆச்சு. இப்ப ஒண்ணு சொல்லு. விரலை நீட்டிக் காட்டுற விஷயமா இருக்கக் கூடாது. புதன்கிழமை கரண்ட் கிடையாது, கலவை மெஷின் ஓடாது, வேலை இல்லை. அதைச் சொல்லு. புதன்கிழமை காலையில அவன் வந்து கேட்டுல நின்னா, மேலே வேலை கிடையாது."

புதன்கிழமை என்றதும் அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கீழே இறங்கி வந்த கொத்தனாரின் முன்னால் நின்று, கையை உயர்த்தி, சுண்டுவிரலை மடக்கி, மணிக்கட்டைத் திருப்பினார். வேலை. இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

கொத்தனார் அவர் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மழை வருகிறதோ என்று வானத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்துக் குழாயில் இரண்டு முறை தட்டினார். செங்கல் வேண்டுமாம்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றார் மேஸ்திரி. குரலில் கேலி இல்லை.

"எனக்கும் இப்பத்தான் தெரியுது" என்றார் அக்கா.

கை தானாகக் கீழே இறங்கியது. இந்த மனிதர் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. அந்தப் பதினோரு பிள்ளைகளுக்குக் கிடைத்த டீச்சர் இவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு விரலை மடக்கி இதற்கு இதுதான் பெயர் என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை. புதன்கிழமைக்குச் சைகை தெரியாமல் இருக்கவில்லை, புதன்கிழமையே இவரிடம் இல்லை. இரண்டரை மாதம் கற்றது இவருக்குத் தெரியாத மொழி. பத்தொன்பது மழையிலும் முக்கால்வாசியில் நின்றபோது வராத அழுகை, அக்காவுக்கு அன்று வந்தது. சட்டியைத் தலையில் ஏற்றி அதை மறைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மணலில் ஏழு செங்கற்களை வரிசையாக வைத்தார். சூரியன் எழுவதைக் கையால் காட்டினார், விழுவதைக் காட்டினார், கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினார். ஒரு செங்கல். மறுபடியும் எழுந்து, விழுந்து, தூங்கி. இரண்டாவது செங்கல். கொத்தனாருக்கு உடனே விளங்கிவிட்டது. தன் கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார். கரியால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள், ஆறு ஆறாக, இடையில் ஒரு இடைவெளி விட்டு, மூடி முழுவதும் வரிசை வரிசையாக. பழைய கோடுகள் தேய்ந்து, அவற்றின் மேலேயே புதியவை. பெயரே இல்லாத நாட்களை அவர் இத்தனை வருஷமாகத் தனியாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். கிழமை தவறி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்ததில்லை. அக்காவுக்கு அவரை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

காவலாளியிடம் கேட் பூட்டைக் கேட்டு வாங்கி, ஏழாவது செங்கல் மேல் வைத்தார். கொத்தனார் தலையாட்டினார். அன்று வேலை கிடையாது, தெரியும். பிறகு அக்கா பூட்டை எடுத்து மூன்றாவது செங்கல் மேல் வைத்தார். திங்கள், செவ்வாய், புதன். சுண்டுவிரலை மடக்கிக் காட்டினார்.

கொத்தனார் பூட்டை எடுத்து, ஏழாவது செங்கல்லின் மேலேயே திருப்பி வைத்தார். இந்தம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முகம் சொன்னது. அக்கா மறுபடியும் மூன்றுக்கு மாற்றினார். அவர் மறுபடியும் ஏழுக்கு மாற்றினார். மூன்றாம் முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மட்டம் தவறிய சுவரைப் பார்க்கிற பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அதே மணல், அதே ஏழு செங்கல், மூன்றாவதன் மேல் அதே பூட்டு. அக்கா சாப்பிடவில்லை. மடக்கி, திருப்பி, வேலை இல்லை. மடக்கி, திருப்பி, வேலை இல்லை. கொத்தனார் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, அந்த விரலை வெகுநேரம் பார்த்தார். பிறகு பூட்டை எடுத்துக் கீழே வைத்தார். மூன்றாவது செங்கல்லை மட்டும் வரிசையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு நடந்தார். சாந்து வைத்து, அதைச் சுவரில் பதித்து, கரண்டிக் காம்பால் தட்டி உட்காரவைத்தார். மணலில் ஆறு செங்கற்களும் நடுவில் ஒரு பள்ளமும் மிச்சம். அந்த நாள் இல்லை என்று புரிந்துகொண்டாரா, கைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டாரா? அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்க வழியும் இல்லை.

புதன்கிழமை காலை ஆறரைக்கே அக்கா கேட்டில் நின்றார். ஏழு மணிக்கு மேஸ்திரி வந்தார். தூரத்தில் ஒரு ஒல்லி உருவம் தெரிந்தபோதெல்லாம் அக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஒருவர் பால் வாங்கப் போனார், இன்னொருவர் பேருந்துக்கு ஓடினார். எட்டு அடித்தது. ஒன்பதும் ஆயிற்று.

"வரலை" என்றார் மேஸ்திரி.

"வரலை" என்றார் அக்கா. சற்றுப் பொறுத்து, "ஒருவேளை உடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தா, மேஸ்திரி?"

"நீயே உனக்கு எதிராப் பேசுறியே அக்கா."

"புரிஞ்சுதான் வரலைன்னு எனக்கே உறுதியாத் தெரியலையே. தெரியாம அவரை எப்படி மேலே அனுப்புறது?"

மேஸ்திரி கேட் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சரி, நாளைக்கு வரட்டும், பாப்போம்" என்று நடந்தார். போகும்போது, இந்த ஒரு விஷயத்தில் இவள் முக்கால்வாசி இல்லை என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு, முதல் சட்டிச் சாந்தைத் தலைக்குத் தூக்கக் குனிந்திருந்தார். பக்கத்தில் சாரக் குழாய் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சட்டியிலிருந்து கையை எடுத்தார். நான்காவது தட்டும் விழுந்தது.

திரும்பினார். மேஸ்திரியும் திரும்பிப் பார்த்தார். குழாயின் அருகே கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். கரண்டியை இடுப்பில் செருகிவிட்டு, வலது கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்தார். சுண்டுவிரலை மடக்கப் பார்த்தார். முப்பது வருஷம் கரண்டி பிடித்த கை, மோதிர விரலும் கூடவே வந்தது. விரித்து மறுபடியும் முயன்றார், மறுபடியும் வந்தது. கொத்தனார் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் அந்த மோதிர விரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் மெதுவாக உள்ளே மடக்கி, கையை அக்காவுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.